ஆபரேஷன் இலவசம், கூலிக்கு யார் பொறுப்பு?

மருத்துவக் காப்பீட்டு அட்டை வந்த பிறகு, ஆபரேஷனுக்காக நிலத்தை விற்றார்கள் என்ற பேச்சு எங்கள் பக்கம் குறைந்துவிட்டது. நகை அடகு வைப்பது மட்டும் குறையவில்லை. சோளிங்கர் பேருந்து நிலையம் அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அட்டைக்காக ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் நகல் எடுக்க வருகிறவர்களே, நகைக்கடனுக்கு ஆதார் நகலும் கேட்கிறார்கள்.

எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. ஈரத்தோலைத் தூக்கி டிரம்மில் போட வேண்டும். கான்ட்ராக்டர் மூலம் போகிறவர், தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐக்குப் பிடித்தம் இல்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் ஹெர்னியா ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஒரு ரூபாய் கட்டணமில்லை. ஆனால் வேலூர் போய், அங்கிருந்து திருவண்ணாமலை சாலையில் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். துணைக்கு இருந்த மனைவிக்குக் களையெடுப்புக் கூலி போனது. வெளிச்சாப்பாடு, திரும்பி வர வாடகை வண்டி. இதையெல்லாம்கூடச் சமாளித்துவிட்டார்கள். சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். தூக்குவதே பிழைப்பாக இருப்பவர் என்ன செய்வார்? மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. வட்டிக்குப் பயந்து, புண் முழுதாக ஆறுவதற்குள் அவர் மறுபடி டிரம் பக்கம் போய்விட்டார்.

உலகம் முழுக்க இதே கணக்குதான். அறுவைச் சிகிச்சை குறித்து லான்செட் ஆணையம் 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டுதோறும் 3.3 கோடிப் பேர் சிகிச்சைக் கட்டணத்தால் தாங்க முடியாத செலவில் சிக்குகிறார்கள். பயணம், தங்கல், சாப்பாடு போன்ற மற்றச் செலவுகளால் சிக்குகிறவர்கள் மேலும் 4.8 கோடிப் பேர்.

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பெரிய காரியம்தான். ஆனால் அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போகிறது, நோயாளி வீட்டு அடுப்புக்கு வருவதில்லை.

படுத்திருக்கும் நாளுக்கும் காசு வேண்டும் என்பது அரசுக்குப் புதிதல்ல. இஎஸ்ஐ உள்ள தொழிலாளி நோயில் விழுந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்கிறவருக்குக் கூலி இழப்புக்கான ஈட்டுத்தொகையை மத்திய அரசு 1981 முதல் தருகிறது. பிள்ளை வேண்டாம் என்று செய்துகொண்டால் கூலி உண்டு, பிழைத்துக் கிடக்கச் செய்துகொண்டால் கிடையாது என்பது என்ன நியாயம்?

பணம் கொடுத்தால் போலிகள் வருவார்கள் என்பார்கள். காப்பீட்டில் நடக்கும் ஆபரேஷனுக்கு முன்அனுமதி, மருத்துவர் குறிப்பு, டிஸ்சார்ஜ் தாள் எல்லாமே பதிவாகின்றன. காசுக்காக யாரும் வயிற்றைக் கிழித்துக்கொள்ளப் போவதில்லை.

அரசு இரண்டு காரியம் செய்யலாம். மருத்துவர் ஓய்வு என்று எழுதும் ஒவ்வொரு நாளுக்கும், குறைந்தபட்சக் கூலியில் பாதியையாவது அட்டைதாரரின் வங்கிக் கணக்கில் போட வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிற்சாலைத் தொழிலாளி, கான்ட்ராக்டில் வந்தாலும் இஎஸ்ஐ திட்டத்துக்குள் வருகிறவர்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தொழிற்சாலைகளில் அதிகாரிகள் வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்து, விடுபட்டவர்களைச் சேர்க்க வேண்டும். அதுவரை ஆபரேஷன் இலவசம் என்று சொல்வது பாதி உண்மைதான்.