கொச்சியின் சாலேமுக்கு ஆரணியில் மரியாதை: எங்கள் நிலைப்பாடு

ஆரணிப் பட்டு நெசவாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பு, கொச்சி யூதத் தலைவர் ஆபிரகாம் பாராக் சாலேமை (1882–1967) நினைவுகூரும் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தது. ‘யூதர் வாழாத ஊரில் இது எதற்கு?’ என்று சிலர் கேட்டார்கள். ‘காசாவில் நடப்பதைப் பார்த்த பிறகுமா?’ என்றார்கள் வேறு சிலர். இரு சாராருக்கும் எங்கள் பதில் இது.

சாலேமை நினைவுகூர வேண்டும். ஆனால் படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைவதற்காக அல்ல. தம் சமூகத்தின் வழிபாட்டிடத்தில் இருந்த தீண்டாமையை எதிர்த்தவர் அவர். நம் கோயில்களில் இருப்பதைப் பேசாமல் அவரைக் கொண்டாடுவது அவருக்கு மரியாதை ஆகாது.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்டது பரதேசி யூத ஆலயம். அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தோரும் அங்கேதான் தொழுதார்கள். அவர்களுக்கு உள்ளே இருக்கை கிடையாது. வெளிக்கூடத்தில் தரையில் உட்கார வேண்டும். வேதச் சுருளை வாசிக்க அழைக்க மாட்டார்கள். அந்த ஆலயத்தின் ‘வெள்ளை யூதர்’ அவர்களோடு பெண் கொடுத்து எடுத்ததில்லை. புதைக்கும் இடமும் தனி. இந்தப் பட்டியலில் நம்மூர்க்காரருக்குப் புரியாதது ஒன்றுமில்லை.

சாலேம் அப்படி ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். கொச்சி சட்டசபையில் இருந்தார்; தொழிலாளர் சங்கங்களுக்காக உழைத்தார்; 1929இல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய் வந்தார். காந்தியின் வழியை ஆலயத்துக்குள்ளும் கொண்டுபோனார். சில காலம் வழிபாட்டையே புறக்கணித்தார். பிறகு பிள்ளைகளோடு வந்து, உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்தார். 1940களில் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1950இல் அவர் மகன், எதிர்ப்புக்கு நடுவே, வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். ‘யூத காந்தி’ என்று சாலேமை அழைத்தார்கள். அவர் ரப்பி (யூத மதகுரு) அல்லர். மதப் பட்டம் எதுவும் இல்லாமலே தம் மதத்தைத் திருத்தினார்.

இனி இஸ்ரேல் பற்றி. 1933இல் பாலஸ்தீனம் சென்று வந்த சாலேம் சியோனிச ஆதரவாளரானார். கொச்சி யூதர்கள் இஸ்ரேலில் குடியேறவும் உதவினார். இதை நாங்கள் மறைக்கவில்லை; அவருடைய எல்லாக் கருத்தையும் ஏற்கவும் இல்லை. நாங்கள் போற்றுவது அவரது சத்தியாகிரகத்தை. எந்த அரசின் போருக்கும் இது ஆதரவு ஆகாது. 2023 அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்ட இஸ்ரேலியப் பொதுமக்களுக்காகவும், அதன்பின் காசாவில் கொல்லப்பட்டுவரும் பாலஸ்தீனப் பொதுமக்களுக்காகவும் வருந்துகிறோம். ஓர் அரசு செய்வதற்காக யூதர் அனைவரையும் வெறுப்பதை ஏற்க மாட்டோம்.

இனி நம் கோயில்கள் பற்றி. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் இருக்கிறது தென்முடியனூர். அங்கே முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான் நுழைந்தார்கள். ஆட்சியர் வந்து நிற்க, போலீஸ் காவல் இருக்க. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். மட்டாஞ்சேரியை எட்டி நின்று பார்க்கும் உரிமை நமக்கு இல்லை.

ஆகவே எங்கள் முடிவுகள்:

1. ஊரில் உள்ள எல்லாக் குடும்பங்களிடமும் தலைக்கட்டு வரி வாங்காத திருவிழாவுக்கு எங்கள் அமைப்பு நன்கொடை தராது. வரி வாங்க மறுப்பது சலுகை அல்ல. ‘நீ எங்களோடு சேர்த்தி இல்லை’ என்று சொல்லும் வழி.

2. தேர் வடம் பிடிப்பதிலும் கோயில் மரியாதையிலும் சாதி பார்க்கும் இடத்துக்கு எங்கள் நிர்வாகிகள் விருந்தினராகப் போக மாட்டார்கள்.

3. சுடுகாட்டுக்கும் இடுகாட்டுக்கும் போகும் பாதை எல்லாருக்கும் பொது என்பதை ஊராட்சிகள் கிராமசபைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று கேட்கிறோம்.

4. தறிக்கூடத்திலும் கூலி பட்டுவாடாவிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் இதே அளவுகோல்தான். எங்கள் உறுப்பினர் யாராவது இதை மீறினால், முதலில் எங்களிடமே விளக்கம் கேளுங்கள்.

நினைவுக் கூட்டம் நடக்கும். இந்த நான்கையும் மேடையில் வாசித்த பிறகே சாலேமின் படம் திறக்கப்படும்.