அஞ்சு அக்கா, ஒரு தம்பி, ஒரே பட்டா

2018 ஜூலை 13, குற்றாலத்தில் சாரல் அடிக்கிற சமயத்தில் ரிலீஸ் ஆனது 'கடைக்குட்டி சிங்கம்'. பாண்டிராஜ் இயக்கம். அஞ்சு அக்காக்களுக்கு ஒரே தம்பியாக, விவசாயியாக கார்த்தி. டிவியில் எப்போ போட்டாலும் வீடே உட்கார்ந்து பார்க்கும். நானும் சிரிச்சுக்கிட்டேதான் பார்த்தேன். சிக்கல் படம் முடிஞ்ச பிறகு வருது.

ஆண் பிள்ளை வேணும்னு அப்பா ரணசிங்கம் (சத்யராஜ்) இரண்டாவது கல்யாணமே செய்கிறார். படத்தில் அது ஒரு காமெடி முன்கதை. பிறகு, தம்பிக்கு யார் மகளைக் கட்டிவைப்பது என்று அக்காக்களுக்குள் சண்டை. அதுவும் காமெடி, கடைசியில் கண்ணீர். ஆனால் இத்தனை பேருக்கும் ஏன் தம்பி மாப்பிள்ளையாக வேணும்? பாசம் என்கிறது படம். எனக்குத் தோன்றுவது வேறு. மகளாகப் பிறந்து தனக்குக் கிடைக்காத வயல், மகளைத் தம்பிக்குக் கட்டிக் கொடுத்தாலாவது தன் பேரன் பேத்திக்கு வந்து சேரும். பங்கு மறுக்கப்பட்டவள் அந்தப் பங்கைத் திரும்ப எடுக்கப் போடும் சுற்றுவழி அது. அதைத்தான் நாம் பாசச் சண்டை என்று சிரிக்கிறோம்.

இப்போது இந்தக் குடும்பத்தை அப்படியே தென்காசிப் பக்கம் ஒரு பத்திர ஆபீசுக்குக் கூட்டிவருவோம். அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் அம்மா, தம்பியோடு அஞ்சு அக்காக்கள் பேரும் இருக்கும். அடுத்த வேலை அந்த அஞ்சு பேரையும் எடுப்பது. அதற்குப் பேர் விடுதலைப் பத்திரம். அக்காவை வேன் வைத்துக் கூட்டிவந்து, கைரேகை வாங்கி, மத்தியானச் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார்கள். "மனப்பூர்வமாக" என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். "கையெழுத்துப் போடலைன்னா பொறந்த வீட்டு வாசல் கிடையாது" என்று அடுப்பங்கரையில் சொன்னது எழுதியிருக்காது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. உயில் இல்லாமல் இறந்த அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956-லிருந்தே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கு. பூர்வீகச் சொத்தில் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-இல் கொடுத்தது. அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு மட்டும் அது இல்லை. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. மகளின் உரிமை பிறப்பாலேயே வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டதோ 1929-இல்!

"கல்யாணத்துக்கு நகை போட்டாச்சுல்லா, வருஷா வருஷம் பொங்கல்படி போகுதுல்லா, குத்தாலம் சீசனுக்கு வேன் வச்சுக் கூட்டிட்டுப் போறேன்லா" என்பார்கள். தம்பிக்கு நடந்த கல்யாணச் செலவை யாராவது அவன் பங்கில் கழிச்சாங்களா? படிப்புச் செலவை? பொங்கல்படி அண்ணன் தம்பி மனசு வைத்துத் தருவது, மனசு மாறினால் நின்றுபோகும். பட்டா அப்படி நிற்காது.

"நிலம் துண்டு துண்டாப் போயிரும்" என்பது அடுத்த வாதம். மூணு அண்ணன் தம்பிக்குப் பிரிக்கும்போது இந்தக் கவலை ஏன் யாருக்கும் வருவதில்லை? "வயலில் உழைக்கிறது அவன்தானே?" உழைக்கட்டும். அக்காவுக்குக் குத்தகை கொடுத்து உழைக்கட்டும், இல்லை அவள் பங்குக்கு நியாயமான விலை கொடுத்து எழுதி வாங்கட்டும். செலவையும் காரணம் சொல்ல முடியாது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 2023 ஜூலையிலிருந்து 40,000 ரூபாய். பாகப்பிரிவினைக்கும் அதே 1 சதவீதச் சலுகை உண்டு.

"ஒரு காமெடிப் படத்துக்கு இவ்வளவா?" என்று கேட்பீர்கள். 'பாசமலர்' (1961) தொடங்கி 'நம்ம வீட்டுப் பிள்ளை' (2019) வரை நம் சினிமா அண்ணன் தங்கையை அழவைத்தே பிழைத்திருக்கிறது. அழுகிற தங்கையை நமக்குப் பிடிக்கும், சிரிக்கிற அக்காவையும் பிடிக்கும். "என் பங்கு எங்கலே?" என்று கேட்கிறவளை மட்டும் குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் என்கிறோம். படத்தில் கார்த்தி விவசாயியின் பெருமையை மேடை போட்டுப் பேசுவார், தியேட்டரில் விசில் பறக்கும். அந்த விவசாய நிலம் எத்தனை பேருடையது என்பதைப் படம் கதையாக்கவில்லை.

அடுத்த அக்கா-தம்பி காமெடியை எடுக்கப்போகிறவர் ஒரு சீனைப் பத்திர ஆபீஸ் வராந்தாவில் வைக்கட்டும். டீ வரும், சொந்தக்காரச் சாட்சிகள் வருவார்கள், சர்வர் வேலை செய்யாது. சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது. அதுவரை, இதை வாசிக்கிற தம்பிமார் ஒன்று செய்யலாம். வீட்டில் பத்திரம் எழுதுகிற பேச்சு வந்தால், "எங்கே கையெழுத்து" என்று காட்டுவதற்கு முன்னால் அக்காவுக்கு போன் போட்டு, "உனக்கு எந்த வயல் வேணும்க்கா?" என்று கேளுங்கள். அவள் வேண்டாம் என்றே சொல்லலாம். கேட்டபிறகு சொல்லட்டும்.