உறங்காத வினை

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு சின்னஞ்சிறு இடைச்சொல் ஒன்று சேர்ந்து, அவ்விரண்டின் தனிப்பொருளிலும் அடங்காத மூன்றாவது பொருளைத் தருவதுண்டு. தமிழில் சொற்றொடர்வினை என்று சொல்லத்தக்க இந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை, அகராதியியலாளர் ஹென்றி பிராட்லி தமக்குச் சொன்னதாகக் குறிப்பிட்டு, லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் வெளிவந்த தம் நூலில் பரவச் செய்தார். 'லுக்' என்றால் பார், 'ஆஃப்டர்' என்றால் பின்னால் அல்லது பிறகு. ஆனால் 'லுக் ஆஃப்டர்' என்றால் பேணு, பராமரி, பொறுப்பேற்றுக் கவனி என்று பொருள். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களின் பயிற்சி நூல்கள் இதற்கு நேராக ஒரே பொருளுடையவை என ஒரு வரிசையை அச்சிடுகின்றன: டேக் கேர் ஆஃப், டெண்ட், மைண்ட், நர்ஸ், அட்டெண்ட் டு. இவை அனைத்தும் ஒன்றே என்று எண்ணி மனப்பாடம் செய்யும் மாணவர், நோயாளிக்கும் செடிக்கும் மந்தைக்கும் உரிய 'டெண்ட்' என்பதைப் பொருந்தாத இடத்தில் பொருத்துவார். தாய் சந்தைக்குப் போய்வரும் வரை பிள்ளையைக் கண்காணிப்பதற்குரிய 'மைண்ட்' என்பதை முதியோரை ஆண்டுக்கணக்கில் பேணுவதற்கு எழுதுவார். ஒருபொருட்சொல் என்பது பெரும்பாலும் அகராதி செய்யும் சமாதான உடன்படிக்கை. பேச்சுவழக்கில் அந்தச் சொற்கள் ஒன்றின் நாற்காலியில் மற்றொன்று அமர்வதில்லை.

'லுக் ஆஃப்டர்' என்பதன் பழைய பொருள் ஒன்றை நோக்கிப் பார்த்தல். பிறகு அது தேடுதல் என்றாயிற்று. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் பேணுதல் என்ற இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. அகன்று செல்லும் ஒன்றின் பின்னாலேயே செல்லும் கண், அதைத் தேடும் கண்ணாகி, அதற்குத் தீங்கு வராமல் காக்கும் கண்ணாயிற்று என்று இந்த வரலாற்றை வாசிக்கலாம்.

இதற்குத் தமிழில் உள்ள நேர்ச்சொல்லைத் தேடி அகராதிக்குப் போகவேண்டிய தேவையில்லை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் பூக்கடைக்காரர் ஒருவர் பக்கத்துக் கடைக்காரரிடம் "அண்ணே, கொஞ்சம் கடையப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போகும்போது அந்தச் சொல் அங்கேயே இருக்கிறது. பார்த்துக்கொள் என்பது 'பார்த்து' என்ற வினையெச்சமும் 'கொள்' என்ற துணைவினையும் சேர்ந்தது. துணைவினை என்பது தன் முதற்பொருளை இழந்து, முன்னிற்கும் வினைக்கு ஒரு சாயலை மட்டும் ஏற்றும் வினை; 'பெறு, கைக்கொள்' என்ற பழம்பொருளை விட்டுவிட்டு, செயலின் பயனோ பொறுப்போ செய்பவரையே சேர்கிறது என்பதை இங்கே 'கொள்' காட்டுகிறது. எழுதிக்கொள், வாங்கிக்கொள் என்னும்போது பயன் தன்னைச் சேர்கிறது. பார்த்துக்கொள் என்னும்போது பயன் கடைக்குப் போகிறது, பொறுப்பு மட்டும் பார்ப்பவரிடம் வருகிறது. உதவி கேட்பவர் ஒற்றைத் துணைவினையால் பக்கத்துக் கடைக்காரரைப் பொறுப்பாளராக்கிவிடுகிறார்.

இந்த வினை கருணைக்கு மட்டும் உரியதன்று. "அவனை நான் பாத்துக்கிறேன்" என்று ஒருவர் பல்லைக் கடித்துச் சொன்னால், அங்கே பராமரிப்பு எதுவும் நடக்கப்போவதில்லை. இந்த மிரட்டலை ஆங்கிலத்தின் 'டேக் கேர் ஆஃப்' தாங்கும், 'லுக் ஆஃப்டர்' எளிதில் தாங்காது. பயிற்சி நூல் ஒரே பொருள் என்று அச்சிட்ட இரண்டும் இந்த இடத்தில் பிரிந்துவிடுகின்றன. "பாத்துக்கலாம்" என்பதோ ஒன்றும் செய்யாமல் தள்ளிப்போடுவதற்கான நாகரிகமான வழி.

வினையோடு வேறொரு சொல் சேர்ந்து பொருள் முற்றிலும் திரியும் இந்த வித்தை ஆங்கிலத்துக்கே உரியது என்று வகுப்பறைகளில் சொல்லப்படுவது சரியன்று. முதுகு, வெளிப்பக்கம் என்ற பொருளுடைய 'புறம்' என்ற சொல் சங்கத்தமிழிலும் பிற்காலத் தமிழிலும் வினைகளோடு சேர்ந்து என்ன ஆகிறது என்று பார்த்தால் போதும். புறங்காணுதல் பகைவரை ஓடச் செய்வது. புறங்கூறுதல் ஒருவர் இல்லாத இடத்தில் இகழ்ந்து பேசுவது, திருக்குறளில் அதைத் தவிர்ப்பதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. புறங்கொடுத்தல் போரில் தோற்று ஓடுவது. புறந்தருதல் பேணி வளர்ப்பது. பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாட்டில் தாயின் கடமையாகச் சொல்லப்படுவது இந்தப் புறந்தருதல்தான். கொடு, தா ஆகிய இரண்டும் ஒருபொருட்சொற்கள் என்று எந்த மாணவரும் சொல்வார். ஆயினும் புறம் என்ற சொல்லோடு சேர்ந்தவுடன் ஒன்று களத்தைவிட்டு ஓடுகிறது, மற்றொன்று பிள்ளையை வளர்க்கிறது. இந்த ஒரு சோடியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகு 'லுக் ஆஃப்டர்' வேறு, 'லுக் டவுன் ஆன்' வேறு, 'லுக் இன்டு' வேறு என்று விளக்கத் தனியாக வியர்க்க வேண்டியதில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பிள்ளைக்கு மூன்றாவது துணையும் இருக்கிறது, அது மலாய். மலாயில் பேணுதல் என்ற பொருளுக்குரிய முதன்மைச் சொல் 'ஜாகா'. விழித்திருத்தல் என்ற பொருளுடைய சமஸ்கிருத வேரிலிருந்து வந்த இச்சொல் மலாயிலும் அந்தப் பொருளை இழக்கவில்லை. தூக்கத்திலிருந்து விழித்தெழுவது 'தெர்ஜாகா'. தமிழின் ஜாக்கிரதையும் இதே வேரின் கிளை. மலேசியத் தமிழில் ஜாகா என்றால் காவலாளி. தமிழகத்திலிருந்து வருபவர் இதனைக் குடியிருப்பைக் குறிக்கும் 'ஜாகை' என்று குழப்பிக்கொள்ளக்கூடும், ஆனால் அது இடம் என்ற பொருளுடைய பாரசீகச் சொல்லின் வழியில் வந்தது, உறவில்லாதது. காலனிக் காலக் கோலாலம்பூரில் வங்கி, கிடங்கு, கடைவரிசை ஆகியவற்றின் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டிருந்த சீக்கியக் காவலர்களுக்கு ஆங்கிலேயரும் அந்தப் பெயரையே வழங்கினர். விழித்திருப்பவன் என்ற பெயரோடு கட்டிலில் படுத்திருந்ததில் ஒரு முரண் இருந்தாலும் வாசல் காக்கப்பட்டது. அதே வினை பள்ளிப் படிவத்தில் ஏறும்போது 'பென்ஜாகா', அதாவது பெற்றோர் இடத்தில் நின்று கையெழுத்திடும் பாதுகாவலர். காற்பந்துத் திடலில் அதுவே கோல்காவலர்.

ஜாகா எல்லாவற்றையும் சுமப்பதில்லை. குழந்தையை வளர்த்துப் பேணுவதற்கு 'ஆசுஹ்' உண்டு, நோயாளியைக் கவனிப்பதற்கு 'ராவாட்' உண்டு, கோழி வளர்ப்பதற்கும் மொழியைப் பாதுகாப்பதற்கும் 'பெலிஹாரா' உண்டு. இந்தக் கடைசிச் சொல், காத்தல் என்ற பொருளும் உடைய 'பரிஹார' என்னும் சமஸ்கிருதச் சொல்லின் மலாய் வடிவம். அதே சொல் தமிழில் பரிகாரமாகி, தோஷத்துக்குச் செய்யும் கழுவாயாக நிற்கிறது. ஆனால் ஈழத்தமிழில் நாட்டு வைத்தியரைப் பரியாரி என்று அழைப்பவர்கள் பரிகாரியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் நிறைந்திருந்த பிரிக்பீல்ட்ஸில், கோழி வளர்க்கும் மலாய்ச் சொல்லும் நோய் தீர்க்கும் தமிழ்ச் சொல்லும் உறவு அறியாமல் ஒரே பகுதியில் வாழ்ந்திருக்கின்றன.

ஆங்கிலமும் தமிழும் பேணுதலைக் கண்ணில் தொடங்குகின்றன, மலாயும் உறங்காத கண்ணிலேயே தொடங்குகிறது. ஆனால் அந்தக் கண் வினையை விட்டு எப்போதோ போய்விட்டது. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்களுக்கும் அந்தப் பகுதி பேர்பெற்றது. பார்வையற்ற ஒருவர் "பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றால் கேட்பவருக்கு அதில் எந்த இடறலும் தோன்றாது. துணைவினை சேர்ந்தபின் 'பார்' பார்வையைப் பற்றிய வினையாக இருப்பதில்லை.

2001இல் திறக்கப்பட்ட கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வழியனுப்பும் சொற்களைக் கேட்டால் மூன்று வினைகளும் அருகருகே ஒலிக்கும். ஆங்கிலம் 'லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப்' என்கிறது, மலாய் 'ஜாகா டிரி' என்கிறது. இரண்டும் 'உன்னை' என்கின்றன. தமிழ் மட்டும் "உடம்பப் பாத்துக்குங்க" என்கிறது. தொலைக்காட்சித் தொடர்களில் "உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற மொழிபெயர்ப்பு இப்போது தலைகாட்டுகிறது. இலக்கணப் பிழை அதில் இல்லை, ஆனாலும் கிள்ளானுக்கு ரயிலேறும் மகளிடம் எந்தத் தாயும் அதைச் சொல்வதில்லை. தன்னைக் குறிக்க 'கொள்' ஏற்கெனவே வினைக்குள் அமர்ந்திருக்கிறது. வெளியே சொல்ல மிஞ்சியிருப்பது உடம்புதான்.