மீன் பிடிக்கப் போகும் முதலாளியும் கல்லாப் பெட்டிச் சாவியும்



சென்ற மாதக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, "வருகிற தைப்பூசம் கழிந்ததும் ஒரு மாதம் நியூசிலாந்துக்கு மீன் பிடிக்கப் போகிறேன்" என்று சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "ஏனுங்ண்ணா, மீன் வேணும்னா ஞாயித்துக்கெழமை மார்க்கெட்டுல வாங்கிக்கலாம். அதுக்குப் போயி பிளேன் ஏறோணுமா?" என்றார் எண்ணெய் வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர். பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "சரி, கடையை யாரு பார்ப்பாங்க?" என்று கேட்டார்.

தம்பியின் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். பெரியவரின் கேள்விக்குப் பதில் தேட எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. அந்த இரண்டு வருட அனுபவத்தை நமது உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஆசை எங்கிருந்து வந்தது?

நான் நொய்யல் கரையில் பிறந்தவன். பள்ளி விடுமுறையில் மூங்கில் குச்சியில் நரம்பு கட்டி, மண்புழு கோத்து, கெளுத்தியும் கெண்டையும் பிடித்து வளர்ந்தேன். 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கியது. தண்ணீருக்காகக் காத்திருந்த விவசாயிகளே, "இந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்" என்று கெஞ்சிய கொடுமையைப் பார்த்தோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் வரை அந்தக் கதை நீண்டது. பனியன் தொழிலால் நம் கடைகளுக்கும் வியாபாரம் பெருகியது. ஆகவே நமக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எல்லோரும் தள்ளிப் போட்டோம். ஆறு போய்விட்டது.

என் தகப்பனாரும் தூண்டில் பிரியர். "கடையை உன் கையில குடுத்துட்டு பவானிசாகர்ல போயி உட்கார்ந்துக்குவேன்" என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். இறப்பதற்கு மூன்று நாள் முன்பு வரை கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தார். அவருடைய தூண்டில் முள் டப்பா இன்னும் எங்கள் குடோன் பரணில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அவர் கடையை நடத்தவில்லை. கடைதான் அவரை நடத்தியது.

ஏன் நியூசிலாந்து?

உறவினர் பையன் ஒருவன் அங்கே வேலையில் இருக்கிறான் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது கடிகாரம். பிப்ரவரி மாதத்தில் அந்த நாட்டு நேரம் நம்மைவிட ஏழரை மணி முன்னால் போகிறது. நம் கடை காலை 9 மணிக்குத் திறக்கும்போது அங்கே மாலை 4.30. அதாவது, விடியலில் ஆற்றுக்குப் போனவன் மீன் பிடித்துத் திரும்பி, குளித்து உட்காரும் நேரத்தில்தான் நம் ஊரில் ஷட்டர் ஏறுகிறது. அரை மணி நேரம் போனில் பேசிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அமெரிக்காவுக்குப் போனால் இந்த வசதி கிடையாது. நம் வியாபார நேரம் அங்கே நடுராத்திரி.

தம்பியின் கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. அந்த நாட்டு ஆறுகளில் உள்ள ட்ரவுட் மீனை விலைக்கு வாங்க முடியாது! ட்ரவுட்டை விற்பதும் வாங்குவதும் அங்கே சட்டப்படி குற்றம். பிடித்தவன் சாப்பிடலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். கடையில் வைத்து விற்கக் கூடாது. மீன்பிடிக்க உரிமம் வாங்க வேண்டும், நாளொன்றுக்கு இத்தனை மீன் என்ற கணக்கும் உண்டு. இத்தனைக்கும் ட்ரவுட் அந்த நாட்டு மீனே அல்ல. நம் நீலகிரிக்கு ஆங்கிலேயர்கள் கொண்டுவந்ததைப் போலவே அங்கேயும் 1860-களில் முட்டையாகக் கொண்டுபோய்ப் பொரித்தார்கள். தூண்டில்காரர்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில்தான் அந்த மீன்வளத்தைப் பேணும் அமைப்பு நடக்கிறது. பயனை அனுபவிக்கிறவனே பராமரிப்புக்கும் பணம் கட்டுகிறான். நொய்யலைப் பறிகொடுத்த நாம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

"அப்படியே வேட்டைக்கும் போகலாமா?" என்று நண்பர் ஒருவர் ஆவலோடு கேட்டார். நம் நாட்டில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே நிலைமை வேறு. மானும், 1904-ல் கொண்டுபோய் விடப்பட்ட இமயமலை வரையாடும் பெருகி மலைச்செடிகளை அழிப்பதால், அனுமதி பெற்றுச் சுடலாம். வெளிநாட்டவர் துப்பாக்கி எடுக்கத் தனி உரிமம் வாங்க வேண்டும். ஆனால் அந்த ஆடு நம் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதை மறக்கக் கூடாது. கொம்பைக் கொண்டுவந்து வரவேற்பறையில் மாட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுவது நல்லது. விமான நிலையத்திலேயே வழக்கு காத்திருக்கும். முதல் முறை போகிறவருக்குத் தூண்டில் போதும் என்பது என் அபிப்பிராயம்.

எந்த மாதம் போவது?

அங்கே பெரும்பாலான ஆறுகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை மீன்பிடிக் காலம். இதற்குள் நம் தொழிலில் எந்த மாதம் கடையை விட்டு நகரலாம் என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு மளிகை மொத்த வியாபாரம். தீபாவளி, கார்த்திகை, பொங்கல் என்று வரிசையாக வரும். சிவன்மலைத் தேர் முடிந்தால்தான் மூச்சு விடலாம். மார்ச் 15-ல் முன்கூட்டிய வருமான வரித் தவணை, மார்ச் 31-ல் வருடக் கணக்கு. ஆகவே தைப்பூசத்துக்குப் பிறகு மார்ச் 10-க்குள் என்று வைத்துக்கொண்டேன். கொப்பரை வியாபாரிகளுக்கு இது ஒத்துவராது. வெயில் ஏறும் மாதங்களில்தான் அவர்களுடைய உலர்களம் நிறையும். அவர்கள் இங்கே வடகிழக்கு மழை பெய்து களம் ஓய்ந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் போகலாம். அங்கே அப்போது சீசன் தொடக்கம்.

மாசி முகூர்த்தங்களுக்குப் போக முடியாது என்பது உண்மைதான். மொய்யை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். கோபித்துக்கொள்கிற மாமன் மச்சான்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ஒத்திகை பார்க்காமல் போகாதீர்கள்

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருடம் மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊட்டிக்குப் போனேன். போனவன் சும்மா இருந்தேனா? காலை ஆறு போன், மாலை ஆறு போன். மூன்றாம் நாள் கணக்குப்பிள்ளை, "முதலாளி, நீங்க இங்க இருந்தாக்கூட இத்தனை கேள்வி கேக்க மாட்டீங்க" என்றார். சுருக்கென்றது.

இரண்டாவது ஒத்திகை, வீட்டம்மாவோடு பன்னிரண்டு நாள் காசி யாத்திரை. இந்த முறை கண்டிப்பாகப் போன் செய்வதில்லை என்று முடிவு செய்தேன். திரும்பி வந்தபோது, இருபது வருடமாக வரவு செலவு வைத்திருந்த ஒரு வெளியூர்க் கடைக்காரர் கை நழுவியிருந்தார். வீட்டு விசேஷத்துக்காக வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சரக்கு கடனுக்குக் கேட்டிருக்கிறார். "அப்பா வரட்டும்" என்று மகன் சொல்லியிருக்கிறான். அவர் வேறு மண்டிக்குப் போய்விட்டார்.

மகனைத் திட்டினேன். அவன் அமைதியாக, "அவருக்கு எவ்வளவு வரை தரலாம்னு நீங்க என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லைங்கப்பா" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யாருக்கு எவ்வளவு கடன், யார் சொன்ன தேதியில் தருவார், யாரிடம் இரண்டு முறை கேட்க வேண்டும், எந்தத் தரகர் வாக்கு பலிக்கும், இத்தனையும் என் மண்டைக்குள் இருந்தது. ஒரு சிட்டையிலும் இல்லை. நாளைக்கே எனக்கு நெஞ்சுவலி வந்து படுத்திருந்தால் அந்த ஒருவர் மட்டுமா போயிருப்பார்? இதைத் தெரிந்துகொள்ள ஒரு வாடிக்கையாளரை விலையாகக் கொடுத்தேன்.

அன்று ஒரு நீள நோட்டு வாங்கினேன். தினமும் இரவு கடை சாத்தியதும் அரை மணி நேரம் அப்பனும் மகனும் உட்கார்ந்து, ஒவ்வொரு பார்ட்டிக்கும் கடன் வரம்பு, தவணை நாள், பழக்கவழக்கம் என்று எழுதினோம். நான்கு மாதம் ஆயிற்று. எழுதி முடித்த பிறகு, நான் வரம்பு போட்ட இரண்டு இடங்களில் அவன் திருத்தம் சொன்னான். இரண்டும் சரி. மீன்பிடிப் பயணத்தின் உண்மையான லாபம் அந்த நோட்டுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

புறப்படுமுன் முடிக்க வேண்டியவை

1. ஜி.எஸ்.டி.: மாதாந்திரக் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நாம் எந்த நாட்டில் இருந்தாலும் வந்தே தீரும். ரகசிய எண் நம் கைபேசிக்குத்தான் வரும். நாம் ஆற்றின் நடுவில், சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருப்போம். ஆகவே மகனையோ நம்பிக்கையான ஒருவரையோ அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராக முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும்.

2. காசோலை: திரும்பி வந்த தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பயணமும் 30 நாள், கெடுவும் 30 நாள். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வழக்குப் போடும் உரிமை போய்விடும். வக்கீலைக் கலந்து ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

3. வங்கி: ஒரு மாதத்துக்குச் சரக்குப் பணம், லாரி வாடகை, சம்பளம் கொடுக்க வரம்பு குறித்து வேறொருவர் கையெழுத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம்.

4. பெட்டி: பழைய தூண்டில், சேற்றுப் பூட்ஸ் இருந்தால் கழுவிக் காயவைத்து, அந்த நாட்டு எல்லையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் ஆற்றின் பாசி இன்னோர் ஆற்றுக்குத் தொற்றக் கூடாது என்பதற்காக, கம்பளி அடித்தோல் வைத்த பூட்ஸை ஆற்றில் இறக்க 2008-லேயே தடை போட்டவர்கள் அவர்கள். தின்பண்டத்துக்கும் இதே கண்டிப்பு. காங்கேயம் நெய்யை மறைத்துக் கொண்டுபோனால் அங்கேயே அபராதம்.

5. சாவி: கல்லாச் சாவியை நல்ல நாள் பார்த்து, பணியாளர்கள் எல்லோர் முன்னிலையிலும் கொடுங்கள். மறைவாகக் கொடுத்த அதிகாரத்தைக் கடைப் பையன்கூட மதிக்க மாட்டான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

"வசதி இருக்கிறவர் போகிறார், நமக்கென்ன" என்று சிலர் நினைக்கலாம். எல்லோரும் கடல் கடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெட்டிக்கடைக்காரர் மூன்று நாள் பவானிசாகர் கரையில் உட்கார்ந்து வரட்டும். அவருக்கும் இதே பாடம் கிடைக்கும். முதலாளி இல்லாமல் நடக்காத கடை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது சொத்து ஆகாது. நாமே நமக்குக் கொடுத்துக்கொள்ளும் கூலி வேலைதான். அதைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. நம் பிள்ளைகள் கடைக்கு வராமல் வெளியூர்ச் சம்பளத்துக்கு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியுமா?

நமது சங்கம் ஒரு நல்ல காரியம் செய்யலாம். நீண்ட பயணம் போகும் உறுப்பினரின் கடைக்கு, அவர் விரும்பும் மூத்த உறுப்பினர்கள் இருவரை ஆலோசகர்களாக அமர்த்தலாம். அவசர முடிவு என்றால் பிள்ளைகளோ கணக்குப்பிள்ளையோ அவர்களைக் கேட்டுக்கொள்ளட்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இன்று ஒருவர் ஆற்றுக்குப் போகும்போது கைகொடுப்பது, நாளை இன்னொருவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் உதவும்.

கேள்வி கேட்ட பெரியவருக்கு நான் இப்போது சொல்லக்கூடிய பதில் இதுதான்: கடையை என் மகன் பார்த்துக்கொள்வான், அவனுக்குத் தெரியாதது நோட்டில் இருக்கிறது, நோட்டில் இல்லாததற்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

டிக்கெட் எடுத்தாயிற்று. பரணிலிருந்து அப்பாவின் முள் டப்பாவை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். முட்கள் துருப்பிடித்துவிட்டன, டப்பாவை மட்டும் கொண்டுபோகப் போகிறேன்.