வண்டியை மாற்றுமுன் ஏட்டைப் புரட்டுக

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது அண்மைக் காலமாக ஒரு கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். "நமது சரக்கு வண்டியைக் கொடுத்துவிட்டு, வேறு கம்பெனியின் வண்டி ஒன்றை வாங்கிக்கொள்ளலாமா?" என்பதே அக்கேள்வி. கேட்பவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். சங்கம் வளர வேண்டும் என்ற ஆர்வமே அவர்களை அவ்வாறு கேட்கச் செய்கிறது. ஆயினும் ஆர்வம் வேறு, கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் நேர்ந்த தவறு ஒன்றில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டு மேலே செல்வதே முறை.

2019-ஆம் ஆண்டு, நான் பணியில் புதியவன். காவிரியின் தென்கரையில் வாழை பயிரிடுவோர் சங்கம் ஒன்று, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த தன் வண்டியை விற்றுப் பெரிய வண்டி வாங்க விரும்பியது. என் கருத்தைக் கேட்டார்கள். வண்டிக் கம்பெனியின் விளக்கத் தாளைப் படித்தேன். விலையையும் தவணையையும் பார்த்தேன். வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். பழைய வண்டியின் லாக் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்திற்குச் சென்றது. திருமணங்களும் திருவிழாக்களும் நின்றன. இலைக்கும் தாருக்கும் கேட்பார் இல்லை. தவணையைத் தள்ளிவைக்கச் சலுகை கிடைத்தது. ஆனால் வட்டி தள்ளி நிற்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் சங்கத்திற்குச் சென்றபோது, வயது முதிர்ந்த பெண் அங்கத்தினர் ஒருவர் என்னிடம், "வண்டி புதுசா நிக்குது சார், எங்க தார்க்காசு எப்ப வரும்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்த ஊரடங்கை எவரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் சரக்கு குறைந்தால் தவணையை எதிலிருந்து கட்டுவது என்ற கேள்வியை நான் கேட்டிருக்க முடியும். கேட்கவில்லை.

இவ்வாண்டு, முசிறிச் சாலையில் உள்ள மற்றொரு சங்கத்தார் அதே கேள்வியுடன் வந்தார்கள். அவர்களிடம் ஒன்றரை டன் வகுப்பைச் சேர்ந்த வண்டி ஒன்று இருக்கிறது. அதே வகுப்பில் வேறு கம்பெனியின் வண்டிக்கு மாற விரும்புகிறார்கள். வண்டிகளின் பெயரை நான் கூறப்போவதில்லை. ஓர் ஆய்வாளன் எந்தக் கம்பெனிக்கும் விளம்பரப் பலகை ஆகக் கூடாது. பொதுவாக மட்டும் சில செய்திகளைக் கூறுவேன்.

நம் மக்கள் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டிய டாட்டா ஏஸ் 2005-இல் வந்தது. அதற்குமுன் சிறு விவசாயிக்கு மூன்று சக்கர வண்டியும் மாட்டு வண்டியும் விட்டால் வாடகை லாரிதான். 2011-இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. மகிந்திராவின் 'பொலேரோ பிக்கப்' கிராமச் சாலைகளில் நெடுநாளாகப் பழகிய வண்டி. தோஸ்தில் மூன்று சிலிண்டர் கொண்ட ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் எஞ்சின் அமைந்தது. பொலேரோ பிக்கப்பில் நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர். சிறிய எஞ்சின் டீசலைக் குறைவாகக் குடிக்கும். பெரிய எஞ்சின் மேட்டிலும் சேற்றிலும் தயங்காமல் இழுக்கும். ஆகவே எது சிறந்த வண்டி என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்தச் சரக்கு, எந்தச் சாலை, மாதத்தில் எத்தனை நடை என்று கேட்டால்தான் விடை பிறக்கும். இதைக் கூறவல்லது கம்பெனித் தாள் அன்று. சங்கத்தின் லாக் புத்தகமே.

அந்தச் சங்கத்தின் நிலைமையை ஒட்டி, முழு எண்களாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம். பழைய வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டரும், புதியது 14 கிலோமீட்டரும் கொடுக்கும் என்று கொள்வோம். பழையதற்கு 136 லிட்டரும் புதியதற்கு 107 லிட்டரும் ஆகும். மிச்சம் 29 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்றால் ஏறத்தாழ 2,700 ரூபாய். பழுதுபார்க்கும் செலவில் மாதம் 3,500 ரூபாய் குறையும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆக மொத்த மிச்சம் 6,200 ரூபாய்.

இனி மறுபக்கம். புதிய வண்டி 10 லட்சம். பழையது 4 லட்சத்திற்குப் போகும். 6 லட்சம் கடன். நூற்றுக்குப் பத்து வட்டியில், 60 மாதத் தவணை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,750 ரூபாய். மிச்சத்தைக் கழித்தபின் மாதம் 6,550 ரூபாய் துண்டு விழுகிறது. மாதம் 2,000 தார் ஏற்றும் சங்கத்தில், தாருக்கு மூன்றேகால் ரூபாய் அங்கத்தினர் கையிலிருந்து போகிறது என்று பொருள். ஐந்தாண்டு முடிவில் புதிய வண்டியின் மதிப்பு கையில் நிற்குமே என்பர். உண்மை. பழைய வண்டியை நன்கு பேணினால் அதன் மதிப்பும் ஓரளவு நிற்கும் என்பதையும் எண்ண வேண்டும்.

வரி குறைந்ததே என்று காரியதரிசி கேட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. பழைய வரியுடன் 10 லட்சம் ஆன வண்டிக்கு ஏறத்தாழ 78,000 ரூபாய் குறையும். மகிழ்ச்சியே. ஆனால் புதிய வண்டி மலிந்தால் பழைய வண்டிக்குக் கேட்கும் விலையும் இறங்கும். வாங்குபவராகப் பெறும் இலாபத்தில் ஒரு பகுதியை விற்பவராக இழக்கிறோம்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கு ஏற்ற டீசல் வண்டிகளில், புகைக்கரியைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீராக ஓடினால் அது சூடேறிக் கரியைத் தானே எரித்துவிடும். சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்கும் உத்தர வீதிக்கும் நின்று நின்று குறுநடை மட்டுமே ஓடும் வண்டியில் கரி தேங்கும். எச்சரிக்கை விளக்கு எரியும். பழைய வண்டியின் கோளாறுகள் நமக்குத் தெரிந்தவை. புதியதன் கோளாறுகளை இனித்தான் கற்க வேண்டும்.

இவ்வளவும் கூறியபின் அச்சங்கத்தின் லாக் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். மூன்று உண்மைகள் தெரிந்தன.

முதலாவது, ஒன்றரை டன் வண்டியில் முகூர்த்த நாள்களில் இரண்டு டன் ஏற்றியிருக்கிறார்கள். வில் பட்டையும் கிளச்சும் அடிக்கடி போனதற்கு வண்டி மட்டும் காரணம் அன்று. மேலும், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பாரத்திற்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் கூட. இதே பழக்கத்துடன் வண்டியை மட்டும் மாற்றினால், மூன்று ஆண்டில் புதிய வண்டியும் பழைய வண்டியாகிவிடும்.

இரண்டாவது, எண்ணெய் மாற்றிய தேதிகளுக்கு இடையே சில இடங்களில் ஓராண்டு இடைவெளி இருந்தது.

மூன்றாவதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. மாதத்தில் 17 நடை. தார் ஏற்றிக் காவிரிப் பாலம் கடந்து காந்தி மார்க்கெட்டுக்கு வருகிறது; வெறும் வண்டியாகத் திரும்புகிறது. ஓட்டத்தில் பாதி காற்றைச் சுமந்து செல்லும் ஓட்டம்! அதே சாலையில், மணமேட்டுப் பக்கத்து நெசவாளர் சங்கத்தார் நூலையும் சாயத்தையும் திருச்சியிலிருந்து தனி வாடகை வண்டியில் கொண்டுபோகிறார்கள். ஒரு சங்கம் வெறும் வண்டியை ஓட்டுகிறது. மற்றொரு சங்கம் அதன் பின்னாலேயே வாடகை கொடுக்கிறது. மாதம் எட்டு நடை திரும்பும் வழியில் நூலை ஏற்றி, நடைக்கு 900 ரூபாய் பெற்றால் 7,200 ரூபாய். புதிய வண்டி மிச்சப்படுத்தும் 6,200 ரூபாயைவிட இது அதிகம். இதற்குக் கடனும் இல்லை, வட்டியும் இல்லை. நெசவாளருக்கும் வாடகை குறையும். வேண்டியது இரண்டு தலைவர்கள் ஒரு மேசையில் அமர்வது. உபவிதி இடம் கொடுக்கிறதா என்று பார்ப்பது. நூல் நனையாமலும் வாழைக்கறை படாமலும் இருக்கத் தார்ப்பாய் விரிப்பது. அவ்வளவே.

அப்படியானால் பழைய வண்டியையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. ஓட்டுநரின் பக்கத்தையும் நான் கேட்டேன். நடுவழியில் வண்டி நின்றால் வெட்டிய தார் காத்திருக்காது. வெயிலில் பழுத்துப் பாதி விலைக்குப் போகும். 2022 இறுதியில் காவிரிப் பாலம் பழுதுபார்க்கும் பணிக்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கும் வரை, சென்னை நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றி ஓட்டிய நாள்களில் அவர் பட்ட பாட்டையும் கூறினார். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் நம்ப முடியாத வண்டியைச் சிக்கனம் என்ற பெயரால் ஓட்டச் சொல்வது பாவம். எட்டு ஆண்டு நிறைந்தபின் தகுதிச் சான்றும் ஆண்டுதோறும் பெற வேண்டியிருக்கும். ஆகவே மாற்ற வேண்டிய நாள் ஒன்று நிச்சயம் வரும். அந்த நாளை விளம்பரமும், பக்கத்துச் சங்கத்தின் புது வண்டியும் குறிக்கக் கூடாது; நமது ஏடு குறிக்க வேண்டும்.

தறியை மாற்ற விரும்பும் நெசவாளி, பாவு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அறுத்துப் போட்டுவிட்டு மாற்றுவதில்லை. பாவு முடியட்டும் என்று காத்திருப்பார். அதற்குள் புதிய தறிக்கு வேண்டியதைச் சேர்த்துவைப்பார். வாழை விவசாயியும் தார் தள்ளிய மரத்தைச் சாய்த்துவிட்டு வேறு ரகம் நடுவதில்லை. தங்கள் தொழிலில் இவ்வளவு நிதானம் உடையவர்கள், சங்கத்தின் பணம் என்றவுடன் அவசரப்படுவது ஏன்? அது எவருடைய பணமும் அன்று என்ற எண்ணம் எங்கோ ஒரு மூலையில் இருப்பதால்தான். உண்மையில் அது ஒவ்வொருவருடைய பணமும் ஆகும்.

அச்சங்கத்தாருக்கு நான் எழுதிக் கொடுத்த யோசனை இதுவே. ஓராண்டு வண்டியை மாற்ற வேண்டாம். பிரேக்கையும் பட்டையையும் முறையாகச் செப்பனிடுக. அளவோடு பாரம் ஏற்றுக. திரும்பும் நடைக்கு நூல் ஏற்றும் வருமானத்தை வண்டி நிதி என்று தனியே ஒதுக்குக. நாள்தோறும் கிலோமீட்டர், டீசல், பாரம், பழுது நான்கையும் ஏட்டில் எழுதி, மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. ஆண்டு முடிவில் பழுதுச் செலவும் ஓடாமல் நின்ற நாள்களின் நட்டமும் சேர்ந்து புதிய தவணையை நெருங்கினால், மாற்றுக. அப்போதும் வாங்க எண்ணும் வண்டியை வெறும் வண்டியாக ஓட்டிப் பார்க்காமல், நமது தாரை ஏற்றி, நமது சாலையில், நமது ஓட்டுநரே ஓட்டிப் பார்க்கட்டும். பழுதுபார்க்கும் நிலையம் எவ்வளவு தொலைவு, உதிரிப் பாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் கேட்டுக்கொண்டு, கணக்கை மகாசபையில் வைத்து முடிவு செய்க.

நிர்வாகக் குழுவில் இருவருக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை என்று அறிகிறேன். ஆய்வாளர் சங்கத்தைப் பின்னுக்கு இழுக்கிறார் என்றார்களாம். இருக்கட்டும். யானையைக் கட்டித் தீனி போட்ட கதை நமக்குப் புதிதன்று. குட்டி யானையும் தீனி கேட்கும். 2019-இல் நான் எழுதிய குறிப்பைப் படித்து எல்லோரும் மகிழ்ந்தார்கள். அதன் விலையைக் கொடுத்தவர், தார்க்காசுக்குக் காத்திருந்த அந்த அம்மையார். இம்முறை குழுவினர் என்மீது சற்று வருத்தப்பட்டாலும், அவரைப்போன்ற ஒருவர் காத்திருக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சங்கத்திற்குச் செல்லும்போது, வாசலில் நிற்கும் வண்டியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே சென்று அதன் ஏட்டைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஏடு இல்லை என்று விடை வந்தால், மாற்ற வேண்டியது எது என்பது அப்போதே விளங்கிவிடும்.