அளவு எடுக்காமல் தைத்த சட்டை

திருப்பூரில் பனியன் துணி வாங்க வருகிற யாரும் "இருக்கிறதிலேயே நல்ல துணி எது?" என்று கேட்பதில்லை. கேட்டால் கடைக்காரர் சிரித்துவிடுவார். யாருக்கு, எதற்கு என்பதுதான் அங்கே முதல் கேள்வி. கைக்குழந்தைக்கா? மெத்தென்ற இன்டர்லாக். வெயில் காலத்து டீ-சர்ட்டா? 150, 160 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி போதும். குளிர் நாட்டுக்குப் போகிற சட்டையா? கனமான ஃப்ளீஸ். கழுத்துப் பட்டிக்கு ரிப். இதில் எதுவும் எதைவிடவும் உசத்தி கிடையாது. இடம் மாறினால் எல்லாமே ரிஜெக்ட்தான்!

ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர் இது. துணி விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் ஊரின் பிள்ளைகள், கம்ப்யூட்டர் கேம் என்று வந்தால் மட்டும் அந்தப் பழைய தப்பான கேள்வியையே கேட்கிறார்கள்: "பெஸ்ட் கேம் ஒண்ணு சொல்லுங்ணா!"

சண்டை கேம், கிரிக்கெட் கேம் என்றால் இந்தக் கேள்வியால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் பிடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். கதையை நம்பி நிற்கும் இண்டி ரோல் பிளேயிங் கேம்கள் அப்படி இல்லை. பெரிய நிறுவனத்தின் பணம் இல்லாமல் தனி ஒருவரோ, சின்னக் குழுவோ செய்யும் கேம்களைத்தான் இண்டி என்கிறார்கள். ரோல் பிளேயிங் என்றால், ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பாத்திரம் என்ன பேசும், யார் பக்கம் நிற்கும், எதை விட்டுக்கொடுக்கும் என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். கைக்கு வேலை குறைவு, மனசுக்கு வேலை அதிகம். ஆகவே தப்பான கேமில் மாட்டிக்கொண்டால் போவது காசு மட்டுமல்ல.

எப்படி என்று ஓர் உதாரணம். இந்த வகையில் சிறந்த கேம்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் டிஸ்கோ எலிசியம் முதல் சில இடங்களில் இருக்கும். எஸ்டோனியாவில் தொடங்கிய ஸா/உம் என்ற குழு 2019-ல் வெளியிட்டது. நினைவு தப்பிய ஒரு போலீஸ்காரர், ஒரு கொலை, துறைமுகத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் என்று போகிற கதை. வழக்கமான சண்டையே கிடையாது. நாயகனின் 24 திறமைகளும் அவன் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொல்லும். புகழ் முழுக்க நியாயமானது. ஆனால் அதில் பத்து லட்சம் வார்த்தைகளுக்கு மேல் இருக்கின்றன, அதுவும் வளைத்து வளைத்து எழுதிய இலக்கிய ஆங்கிலத்தில்.

இதைத் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, காலேஜில் முதல் வருஷம் படிக்கிற ஒரு பையன் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் வகுப்பு, சாயங்காலம் மாமாவின் பவர் டேபிளில் பீஸ் எண்ணி அடுக்குகிற வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறக்கிறான். அரை மணி நேரம் கழித்தும் கதாநாயகன் ஓட்டலை விட்டே வெளியே வரவில்லை. பையன் அகராதியை விட்டே வெளியே வரவில்லை. மூடி வைக்கிறான். பட்டியல் போட்டவர்மீது அவனுக்குக் கோபம் வருவதில்லை. "கதை கேமெல்லாம் நமக்கு வராது" என்று தன்மேலேயே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். உண்மையான நஷ்டம் இதுதான். சட்டை சேரவில்லை என்றால் அளவைத்தானே சந்தேகப்பட வேண்டும்? இங்கே உடம்பைச் சந்தேகப்படுகிறார்கள்.

கேம் ஆராய்ச்சியாளர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. ரிச்சர்டு பார்ட்டில் என்ற ஆங்கிலேயர் 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். பல பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் எழுத்து வடிவ கேம்களில் நான்கு வகை ஆட்களைப் பார்க்கலாம் என்றார். எதையாவது சாதித்துக் காட்ட வருபவர்கள், மூலை முடுக்கெல்லாம் துருவிப் பார்ப்பவர்கள், நாலு பேரோடு பழக வருபவர்கள், மற்றவர்களை வம்புக்கு இழுத்து அடக்க வருபவர்கள். 2006-ல் நிக் யீ சுமார் 3,000 ஆன்லைன் ஆட்டக்காரர்களிடம் கேள்வி கேட்டு, மனிதர்களை இப்படி டப்பா டப்பாவாகப் பிரிக்க முடியாது என்று காட்டினார். ஒரே ஆளுக்குள் சாதனை ஆசையும், பழகும் ஆசையும், கதையில் மூழ்கும் ஆசையும் வெவ்வேறு அளவில் கலந்தே இருக்கின்றன. பிறகு அவர் கூட்டாக நடத்திய குவான்டிக் ஃபவுண்ட்ரி, 2015 முதல் 12 வகைத் தூண்டுதல்களை அளக்க இணையத்தில் ஒரு கேள்வித்தாளே வைத்தது.

எல்லாம் உபயோகமான வேலைதான். ஆனாலும் ஒரு குறை உண்டு. இந்த அளவுகோல்கள் ஆளை அளக்கின்றன. அவருடைய நாளை அளப்பதில்லை. திருப்பூரில் நாள் என்பது லேசான விஷயமா? காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிற ஒன்றரை ஷிப்ட் இங்கே சர்வ சாதாரணம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. புதன்கிழமை ராத்திரி இருக்கும் மனிதர் வேறு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருக்கும் அதே மனிதர் வேறு. துருவிப் பார்க்கும் குணம் பிறவியிலேயே இருந்தாலும், பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே செக்கிங் செய்த கண்ணுக்கு இன்னும் ஒரு வரைபடத்தைத் துருவத் தெம்பு இருக்குமா?

எனவே கேமைத் தேடுவதற்கு முன்னால் மூன்று அளவுகள் எடுத்தாக வேண்டும்.

முதல் அளவு நேரம். தினமும் ஒரு மணி நேரமா, வாரத்தில் ஒரே ஒரு மத்தியானமா? டு தி மூன் (2011) முழுக்கதையும் நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். சாகக் கிடக்கும் ஒரு கிழவரின் நினைவுகளுக்குள் பின்னோக்கிப் போய், அவர் ஏன் நிலாவுக்குப் போக ஆசைப்பட்டார் என்று கண்டுபிடிக்கும் கதை. ஒரு சினிமா, இன்னொரு பாதி சினிமா பார்க்கிற நேரம்தான். அழ வேண்டும் போல இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது சுலபத்தில் கிடைக்காது. பழைய லேப்டாப்பிலும் ஓடும், கைப்பேசியிலும் கிடைக்கிறது.

இரண்டாவது அளவு வாசிப்பு. எவ்வளவு ஆங்கிலம், எந்த மாதிரி ஆங்கிலம்? இதை யாரும் பட்டியலில் போடுவதில்லை, ஏனென்றால் பட்டியல் போடுபவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. டோபி ஃபாக்ஸ் பெரும்பாலும் தனியாளாகச் செய்த அண்டர்டேல் (2015) குட்டிக் குட்டி வாக்கியங்களில் பேசும். எதிரில் வருகிற யாரையும் கொல்லாமலேயே, பேசியும் சமாதானம் செய்தும் கடைசி வரை போகலாம். கொன்றாலும் அதை மறக்காது. போலந்தில் உருவான ரோட்வார்டன் (2022) இதற்கு நேர் எதிர். கிட்டத்தட்ட ஒரு நாவலை வாசிப்பது போல. குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒரு காட்டுப் பிரதேசத்தை அறிந்து, அங்குள்ள ஜனங்களின் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். துருவுகிற ஆசையும் வாசிக்கிற பொறுமையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு அது விருந்து, மற்றவர்களுக்கு அது பரீட்சை.

மூன்றாவது அளவுதான் முக்கியமானது. இன்றைய நாள் எதைக் கொடுக்காமல் போயிற்று? பீஸ் ரேட்டில் தைக்கிற டெய்லருக்கு நாள் முழுக்க முடிவு எடுக்கிற வாய்ப்பே கிடையாது. ஒரே கை, ஒரே தையல், ஆயிரம் தடவை. அவருக்கு ஒரு ராஜ்ஜியத்தின் முடிவு கையில் கிடைத்தால் அதுவே ஓய்வு. மெர்ச்சண்டைசராக வேலை பார்ப்பவருக்கு நிலைமை தலைகீழ். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று காலையிலிருந்து நூறு முடிவு எடுத்துத் தலை வலிக்கிறது. அவருக்கு டு தி மூன் மாதிரி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற கதைதான் மருந்து. ஊரை விட்டு வந்து ஹாஸ்டலில் தனியாக இருப்பவருக்கு வைல்டர்மித் (2021) நன்றாக இருக்கலாம். அதில் நாயகர்கள் சிநேகமாகிறார்கள், காதலிக்கிறார்கள், வயசாகி ஓய்வு பெறுகிறார்கள். நண்பர்களோடு சேர்ந்தும் ஆடலாம்.

அக்கறையோடு சிபாரிசு செய்கிறவர்கள் சறுக்குகிற இடமும் இந்த மூன்றாவது அளவுதான். சிட்டிசன் ஸ்லீப்பர் (2022) என்று ஒரு கேம். ஒரு கம்பெனிக்குச் சொந்தமான இயந்திர உடம்பில் அடைபட்ட மனித மனத்தின் நகல்தான் அதில் கதாபாத்திரம். கம்பெனியிலிருந்து தப்பி வந்து, விண்வெளியில் பாதி பாழடைந்த ஒரு நிலையத்தில் கூலி வேலை பார்க்கிறது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஐந்து பகடைகள். ஒவ்வொரு பகடையும் ஒரு காரியத்துக்கு. உடம்பு தேயத் தேயப் பகடைகளும் குறையும். மருந்துக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு வேலை வேண்டும், வேலைக்கு உடம்பு வேண்டும். அருமையான படைப்பு, சந்தேகமே இல்லை.

அதை ஓவர்லாக் மெஷினில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த ஒருவரிடம் "இது உங்க கதைதானுங்க, கண்டிப்பா ஆடிப் பாருங்க" என்று நீட்டினால் என்ன ஆகும்? ஒருவருக்கு அது கண்ணாடி. "அட, நம்ம பாடு யாருக்கோ புரிஞ்சிருக்கே" என்று நெஞ்சு லேசாகும். இன்னொருவருக்கு அது அன்றைய தினத்தின் அடுத்த ஷிப்ட், சம்பளம் இல்லாத ஷிப்ட்! இரண்டு பேர் செய்வதும் ஒரே வேலைதான். ஆனால் ஒருவர் தன் வாழ்க்கையைத் தள்ளி நின்று பார்க்க விரும்புகிறார், மற்றவர் அதை இரண்டு மணி நேரம் மறக்க விரும்புகிறார். கதை ஒருவருடைய வாழ்க்கைக்குப் பொருந்துவது வேறு, அவருடைய தேவைக்குப் பொருந்துவது வேறு. இதை அந்த நபரைக் கேட்காமல் வெளியிலிருந்து யாரும் சொல்லவே முடியாது. "தொழிலாளிக்குத் தொழிலாளி கதை" என்று எடுத்துக் கொடுப்பது, ஆளைப் பார்க்காமல் "உங்களுக்கு எக்ஸ்.எல். தான்" என்று சொல்வதற்குச் சமம்.

நம் மண்ணின் கதை என்பதற்கும் இதே அளவுதான். இந்தியாவைச் சேர்ந்த பைரோடாக்டில் குழு 2014-ல் அன்ரெஸ்ட் என்ற ரோல் பிளேயிங் கேமை வெளியிட்டது. பஞ்சம் பிடித்த ஒரு பழங்கால இந்திய நகரம். வீரன் ஒருவனுக்குப் பதிலாக, பல சாதாரண மனிதர்களை மாற்றி மாற்றி ஏற்க வேண்டும். அதில் ஒருத்தி, வீட்டில் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்ட கிராமத்துப் பெண். பெரும்பாலும் கத்தியை எடுக்காமல் பேசியே சமாளிக்கலாம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய வெண்பா (2023) ரோல் பிளேயிங் வகையில் வராது. இட்லி, புட்டு என்று சமைத்துக்கொண்டே போகும் கதை. 2024-ல் சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. இரண்டும் பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் பெருமைக்காக மட்டும் வாங்கி, பிடிக்காமல் போனால் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. அன்ரெஸ்ட் அரசியல் பேச்சில் ருசி இருப்பவர்களுக்கு. வெண்பா அம்மாவின் கைப்பக்குவத்தை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு.

"இப்படி அளவு பார்த்தே ஆடினால் புது ருசி எப்படிப் பழகும்?" என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்வி. ஆனால் புது ருசி, முதல் ருசி பிடித்த பிறகுதான் வரும். அண்டர்டேலில் நூறு வரி ஆங்கிலம் சிரித்துக்கொண்டே வாசித்த பையன், ஒரு வருஷம் கழித்து டிஸ்கோ எலிசியத்தைத் தானாகவே திறப்பான். முதலிலேயே அதைத் திணித்தால் இரண்டையும் இழப்பான்.

காசு விஷயத்திலும் திருப்பூர் வழக்கமே கை கொடுக்கும். சாம்பிள் பார்க்காமல் இங்கே எந்த ஆர்டரும் ஓகே ஆவதில்லை. ஸ்டீம் கடையில், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பல இண்டி கேம்களுக்கு இலவச டெமோவும் உண்டு. இட்ச் தளத்தில் விரும்பிய விலை கொடுத்து வாங்கக்கூடிய குட்டி கேம்கள் குவிந்து கிடக்கின்றன. அந்த இரண்டு மணி நேரம்தான் சாம்பிள் பீஸ். அதில் சேரவில்லை என்றால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அடுத்த தடவை யாராவது "பெஸ்ட் கேம் சொல்லுங்ணா" என்று வந்தால், கேட்கப்பட்டவர் உடனே பெயர் சொல்லாமல் இருப்பது நல்லது. எத்தனை மணிக்கு ஷிப்ட் முடியுது, ஆங்கிலம் எவ்வளவு தூரம் வாசிக்க வரும், இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு என்று மூன்று கேள்வி கேட்கட்டும். கட்டிங் மாஸ்டர் கத்தரியை எடுப்பது அளவு எடுத்த பிறகுதான்.