வழங்கியின் கதவை யாருக்குத் திறப்பது?

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் போராட்டத்தின் மத்தியிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. முழு இணையமும் துண்டிக்கப்பட்டால் எதுவும் உதவாது. ஆனால் 2022இல் முடக்கப்பட்டவை குறிப்பிட்ட சில தளங்களே. ஆகவே சிறு ஊடகங்களும் சிவில் அமைப்புகளும் தமக்கெனச் செய்தியிடல் வழங்கியொன்றை நடத்துவது பற்றிச் சிந்திப்பது நியாயமானதே.

ஆனால் அந்த வழங்கி வேறு எந்த வழங்கிகளுடன் பேசலாம்? இந்த முடிவைத் தொழில்நுட்பவியலாளரிடம் மட்டும் விட்டுவிடக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறை மின்னஞ்சலைப் போன்றது. ஒரு வழங்கியில் கணக்குள்ளவர் இன்னொரு வழங்கியில் உள்ளவருடன் உரையாடலாம். எல்லோருக்கும் திறந்துவைத்தால் குப்பைச் செய்திகள் வந்து குவியும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஓமீமோ குறியாக்கம் செய்தியின் உள்ளடக்கத்தை மறைக்கும். யார் யாருடன் எப்போது பேசினார் என்பதை மறைக்காது. மறுமுனை வழங்கியை நடத்துபவரால் அதை அறியமுடியும். செய்தி மூலங்களைப் பாதுகாக்கவேண்டிய ஊடகத்துக்கு இது சிறிய விடயமல்ல.

முற்றாக மூடுவதற்கும் விலையுண்டு. கூகுள் டோக் 2006இல் பிற வழங்கிகளுக்குக் கதவைத் திறந்தது. 2013இல் அதற்குப் பதிலாக வந்த ஹேங்அவுட்ஸில் அந்த வசதி இருக்கவில்லை. வெளி வழங்கிகளில் இருந்தவர்கள் கூகுள் கணக்குத் திறக்கவேண்டும், இல்லையேல் அங்குள்ள நண்பர்களை இழக்கவேண்டும் என்றானது.

எனவே நான் பரிந்துரைப்பது இதுதான். முதலில் வெளி இணைப்புகளை மூடிவைத்து, நம்பிக்கைக்குரிய வழங்கிகளை மட்டும் பட்டியலிட்டு அனுமதிக்கவேண்டும். செல்லுபடியான சான்றிதழ் இல்லாத வழங்கிகளை மறுக்கவேண்டும். புரோசடி, ஈஜாபர்ட் ஆகிய இரு மென்பொருள்களிலும் இது சாத்தியம்.

பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, ஏன் என்பதை அமைப்பு கூடித் தீர்மானித்து எழுதிவைக்கவேண்டும். நீக்கப்படுபவருக்குக் காரணம் சொல்லப்படவேண்டும். இரவோடிரவாக இணைப்பைத் துண்டித்த அரசாங்கத்தைக் கண்டித்த நாம், நமது சிறிய வழங்கியில் அதையே செய்யமுடியாது.